மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: பெரியவர்களைப் பார்த்துக்கொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். என் செட்டு நர்ஸுகள் அந்தக் காலத்தில் எங்கே தடுமாறினோமோ, அதே இடத்தில்தான் இவர்களும் தடுமாறுகிறார்கள். பெற்றோரைக் கவனிக்கும் மகன், மகள், மருமகள்களும் அப்படித்தான். ஈரத் தரை, காலாவதியான மருந்து போன்ற எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

பெயர் வேறு என்றால் மருந்தும் வேறு என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் தவிர்த்துவிடலாம் என்பதால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

ஒரு வீட்டில் 78 வயது அம்மா. சர்க்கரைக்குப் பல வருடமாக கிளிமிபிரைடு போடுகிறவர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அதை நிறுத்திவிட்டு, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த ஒரே மாத்திரையாக எழுதிக் கொடுத்தார். வீட்டு பிஸ்கட் டப்பாவில் பழைய அட்டைகள் மிச்சமிருந்தன. "அந்தச் சின்ன மாத்திரை நான் எப்பவும் போடுறதும்மா, அதையும் குடு" என்று அம்மா கேட்க, புதிதாக வேலைக்கு வந்த பெண்ணும் இரண்டையும் கொடுத்துவிட்டாள். அன்று வெள்ளிக்கிழமை விரதம் வேறு. காலையில் காபியோடு சரி.

"சிஸ்டர், அம்மா என்னென்னமோ பேசுறாங்க, நைட்டி நனையுற அளவுக்கு வேர்க்குது" என்று போன் வந்தது. பக்கவாதம் என்று நினைத்து மகள் அழுதுகொண்டிருந்தார். முதலில் சர்க்கரையைப் பாருங்கள் என்றேன். 46. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். விழுங்கும் நிலையில் இருந்ததால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் 92, பேச்சும் தெளிந்தது. இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். அதுதான் சரியாகிவிட்டதே என்று இருந்துவிட்டார்கள். மதியம் மறுபடி இறங்கியது, இந்த முறை நினைவே இல்லை. 108-ஐக் கூப்பிட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்துத்தான் காப்பாற்ற முடிந்தது.

காரணம் இதுதான். பழைய மாத்திரையிலும் புதியதிலும் இருந்தது அதே கிளிமிபிரைடு; அது இரண்டு தடவை உள்ளே போய்விட்டது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அதன் வேலை ஒரு நாள் முழுக்க நீடிக்கும். வயதாகிச் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதற்கும் மேலே. குளுக்கோஸின் பலன் சீக்கிரம் தீர்ந்துவிடும், மாத்திரை உள்ளே இருந்துகொண்டே இருக்கும். இதில் இன்னொரு ஆபத்து: பிரஷருக்கு மெட்டோப்ரோலால், அட்டினலால் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பு தெரியாமலே போகலாம். வேர்வையும் குழப்பமும்தான் அடையாளம்.

அதனால் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பேப்பரில் கொட்டுங்கள். அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் இருக்கும்; போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எதற்கு, எந்த வேளை, எந்த டாக்டர் எழுதியது என ஒரே தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்; அன்றே டாக்டரிடம் கேளுங்கள். டாக்டர் நிறுத்தச் சொன்ன மாத்திரை வீட்டிலேயே இருக்கக் கூடாது. கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சர்க்கரை மாத்திரை மட்டும் இல்லை. டோலோ 650, கால்பால் இரண்டுமே பாராசிட்டமால்தான். பல சளி மாத்திரைகளிலும் அது இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் கல்லீரல் தாங்காது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-ல் தொடங்கியதிலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன, மிக நல்ல காரியம். அவற்றையும் அந்தத் தாளில் எழுதி, தனியார் டாக்டரிடம் காட்டுங்கள்.

நினைவில்லாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவது

கூடாது. நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

எல்லா மாத்திரையையும் பொடித்துக் கொடுப்பது

பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர் என்று இருந்தால் பொடிக்காதீர்கள். நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். விழுங்கச் சிரமம் என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்று வாங்குங்கள்.

படுத்தபடியே தண்ணீர் கொடுப்பது

உட்கார வைத்துக் கொடுங்கள்.

படுக்கையிலிருந்து சட்டென்று எழுப்புவது

பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் காலைத் தொங்கவிட்டு உட்காரட்டும், அப்புறம் நிற்கலாம்.

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்துவது

பதற்றத்தில் எல்லாரும் செய்வது. முதலில் பேச்சுக் கொடுங்கள். எங்கே வலி, தலையில் அடியா என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகும்போது அந்த மருந்துத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள்.