டிரெஸ்டன் ஸ்டோலன்: வெண்ணெய் வந்த வரலாறும் சுடும் முறையும்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1434-இல், கிறிஸ்துமஸுக்கு முன் ஒரே ஒரு நாள் நடத்த அனுமதி பெற்ற சந்தைதான் இன்று வாரக்கணக்கில் நடக்கும் ஸ்ட்ரீட்சல்மார்க்ட். அதன் நாயகனான ஸ்டோலன் ரொட்டி முதலில் விரதப் பண்டம். நோன்பு நாட்களில் பாலும் வெண்ணெயும் ஆகாது என்பதால் எண்ணெய் விட்டுப் பிசைந்தார்கள், சப்பென்றுதான் இருந்திருக்கும். டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி பகுதியின் ஆட்சியாளர்கள் கேட்டு, 1491-இல் போப் எட்டாம் இன்னசென்ட் வெண்ணெயை அனுமதித்தார். அதனால் இதில் வெண்ணெயைக் குறைக்கவே கூடாது.

இன்றைய டிரெஸ்டன் விதிப்படி 500 கிராம் மைதாவுக்கு வெண்ணெய் 250 கிராமாவது வேண்டும், மார்கரின் கூடாது. உலர்திராட்சை 325, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் 100, பாதாம் 75 கிராம். டூட்டி ஃப்ரூட்டி போடாதீர்கள். அது பப்பாளிக்காய், தோலின் மணமும் இளங்கசப்பும் அதில் வராது. இவற்றோடு சர்க்கரை 60 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், பால் 150 மில்லி, உலர் ஈஸ்ட் 12 கிராம்.

திராட்சையை முதல் நாள் இரவே 50 மில்லி ரம்மில் ஊறப்போடுங்கள். மறுநாள் 200 கிராம் மாவை வெதுவெதுப்பான பால், ஈஸ்ட் சேர்த்துக் கலந்து 45 நிமிடம் பொங்க விடுங்கள். இந்தப் படியைத் தவிர்த்தால், இவ்வளவு வெண்ணெயின் கனத்தில் ஈஸ்ட் திணறி, ரொட்டி கல்லாகிவிடும். பிறகு மீதி மாவு, சர்க்கரை, உப்பு, இளகிய வெண்ணெய் சேர்த்து 10 நிமிடம் பிசைந்து ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். ஊறிய திராட்சையை வடித்து, தோல், பாதாமோடு கடைசியில் கையால் மடித்துச் சேருங்கள். அழுத்திப் பிசைந்தால் திராட்சை நசுங்கி மாவு சாம்பல் நிறமாகும்.

இரண்டு நீள உருண்டைகளாக்கி அரை மணி நேரம் விட்டு, 170 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம் சுடுங்கள். மேலே துருத்தும் திராட்சையை முன்பே பிடுங்கிவிடுங்கள், கருகினால் கசக்கும். சூட்டோடு 100 கிராம் உருக்கிய வெண்ணெயைத் தடவி, ஆறியதும் பொடித்த சர்க்கரையைக் கனமாகப் போர்த்துங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களான அட்வென்ட் காலத்தின் இரண்டாம் ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை டிரெஸ்டனில் ராட்சத ஸ்டோலன் ஊர்வலம் வரும். 1730-இல் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் மன்னர் சுடவைத்த 1.8 டன் ஸ்டோலனின் நினைவாக. அன்று வெட்ட வேண்டுமானால் நவம்பர் நடுவிலேயே சுட்டு, பட்டர் பேப்பரிலும் ஃபாயிலிலும் சுற்றி மூன்று வாரம் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வெக்கையான ஊரில் ஃபிரிட்ஜ்தான். வெளியே வைத்தால் பூசணம் பிடிக்கும். நடுவில் வெட்டத் தொடங்கி, மீதிப் பாதிகளை ஒட்டிவைத்தால் உலராது.