முகாமில் ஆய்வுக்கு ஆள் சேர்க்கும்போது

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்குச் சர்க்கரை நோய், ரத்தசோகை, மனநலம் என்று ஆய்வுக்கு வருகிறவர்கள் நெறிமுறைக் குழு அனுமதியும் தமிழ்ச் சம்மதப் படிவமும் கையோடுதான் வருகிறார்கள். சறுக்குவது வேறு இடங்களில்.

செக்கிங் நாளில் மேசை போடுவது

முகாமில் ஆள் கணக்கெடுப்பதைச் செக்கிங் என்பார்கள். அன்று வேலைக்குப் போகாமல் எல்லோரும் இருப்பார்கள். வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வருவார், போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சும் வரும். ஒரே காலையில் எண்பது பேர் கிடைப்பார்களே என்று ஆய்வுக்குழுவும் பக்கத்திலேயே மேசை போட்டுவிடும். எத்தனை முறை சொன்னாலும் இது நிற்பதில்லை.

வரிசையில் வந்த அம்மா முதல் மேசையில் கையெழுத்துப் போடுகிறார். நாலடி தள்ளி இன்னொரு மேசை, இன்னொரு தாள். "இதிலயும் வைக்கோணுமோ தம்பி?" என்று கேட்டபடியே வைத்துவிடுகிறார். அவர் கண்ணுக்கு இரண்டும் அரசாங்கத் தாள்தான். 2021 உயர்வுக்குப் பிறகு குடும்பத் தலைவருக்கு அரசு தரும் மாதப் பணக்கொடை 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000. முடியாது என்று சொல்லி அதைப் பணயம் வைக்க யாருக்குத் துணிவு வரும்?

நட்டம் பிறகுதான் தெரியும். குடி, தூக்கமின்மை, பயம் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் "ஒண்டும் இல்லை" என்று ஒரே பதில். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனைக்குப் போனால் வீடு பூட்டியிருக்கும். எண்பது பேரில் ஒருவர்கூட மறுக்கவில்லையா? சேர்த்த விதத்தைச் சந்தேகப்படுங்கள்.

அரசு அனுமதி முகாமுக்குள் நுழைவதற்கு மட்டும். தனியாள் சம்மதத்துக்கு அது ஈடாகாது என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின் நிலையும். செக்கிங் நடக்கும் வாரத்தையே விட்டுவிடுங்கள். முதல் இரண்டு முறை படிவம் இல்லாமல் போய்ப் பேசுங்கள். தகவல் தாளின் முதல் வரியிலேயே, சேராவிட்டால் பணக்கொடை, ரேஷன், அடையாள அட்டை எதற்கும் பாதகமில்லை என்று எழுதுங்கள். தாளைக் கொடுத்துவிட்டு மறுநாள் வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சியாகக் குழுவைச் சேராத ஒருவர் வேண்டும், அது ஆர்.ஐ.யாக இருக்கக் கூடாது.

விசாரணை, பதிவு, உளவியல்

போருக்குள் இருந்து வந்தவர் காதில் "விசாரணை" என்றால் ராணுவம், "பதிவு" என்றால் போலீஸ். "உளவியல்" என்ற சொல்லில் உளவு இருக்கிறது. "கேள்விகள்", "சேர்த்துக்கொள்வது", "மனக்கஷ்டம்" என்று எழுதினால் போதும். அச்சடிக்கும் முன் முகாமைச் சேர்ந்த ஐந்து பேரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

பகல் பதினொரு மணிக்குப் போவது

ஆண்கள் பெயின்டிங் வேலையில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போங்கள்.

மறுத்தவர் பெயரை முகாம் தலைவரிடம் சொல்வது

கூடவே கூடாது.

ரத்தம் எடுத்துவிட்டுக் காணாமல் போவது

5 மி.லி. எடுத்தால், அது ஒரு தேக்கரண்டி அளவு என்று காட்டிவிட்டு எடுங்கள். இரண்டு வாரத்துக்குள் முடிவைச் சீட்டில் எழுதி அவரவர் கையில் கொடுங்கள். சர்க்கரை கூடியிருந்தால் எந்த ஆரம்ப சுகாதார நிலையம், எந்தக் கிழமை என்பதும் அந்தச் சீட்டிலேயே இருக்கட்டும்.