முதல் மாடலாக ஒரு லங்காஸ்டர்: 1/72 அளவில் கட்டும் முறை

முதல் முறை பிளாஸ்டிக் விமான மாடல் கட்டுபவர்களிடம், சிறிய போர் விமானத்தில் தொடங்குங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏவ்ரோ லங்காஸ்டரில் இன்ஜின்கள் நான்கு. ஒரே வேலையை நான்கு முறை செய்வதால், நான்காவதை முடிப்பதற்குள் கை பழகிவிடும். முதலில் செய்ததைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

1941 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்த இந்தப் பிரிட்டிஷ் இரவுக் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை, முனைக்கு முனை 31 மீட்டர். 1/72 அளவில், அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக, அது 43 சென்டிமீட்டராகிறது. கிட் (மாடலின் பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்கும் முன் அலமாரியை அளந்துவிடுங்கள்.

பாகங்களை வெட்ட ஒரு நிப்பர், கூர்மையான கத்தி, 400 முதல் 1000 வரை எண்ணுள்ள உப்புத்தாள்கள், பிளாஸ்டிக் மாடலுக்கான திரவப் பசை, கொஞ்சம் புட்டி, மாஸ்கிங் டேப், அக்ரிலிக் வண்ணங்கள், வெள்ளைப் பசை. ஸ்பிரே கன் இப்போது வேண்டாம். நல்ல தட்டைத் தூரிகை இரண்டு இருந்தால் போதும்.

1. கழுவி, வெட்டி, ஒத்திப் பாருங்கள்

பாகங்களை, அவை இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் ஒட்டாது. பாகத்தை ஒட்ட வெட்டாமல் சிறிது தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். எதையும் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்த பிறகே ஒட்ட வேண்டும்.

2. உடற்பகுதி

உடல் இரண்டு பாதிகளாக இருக்கும். மூடுவதற்கு முன் விமானியின் இருக்கை, தளம் ஆகியவற்றுக்கு வண்ணம் பூசி வைத்துவிடுங்கள். ஏழு பேர் சென்ற விமானம்தான். ஆனால் மூடிய பிறகு வெளியே தெரிவது பெரும்பாலும் விமானி அறை மட்டுமே. தெரியாத இடத்துக்கு உழைப்பது உங்கள் விருப்பம்.

திரவப் பசை, பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிறது. பாதிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூரிகை முனையால் இணைப்பைத் தொட்டால் பசை தானே உள்ளே ஓடும். விரல் அந்தக் கோட்டின் மேல் இருந்தால் விரலுக்கு அடியிலும் ஓடும். என் முதல் மாடலின் முதுகில் என் கட்டைவிரல் ரேகை இன்னும் இருக்கிறது. ஒரு நாள் காயவிட்டு, இடைவெளிகளில் புட்டி வைத்து, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

இது வால் சக்கரத்தில் உட்காரும் விமானம். அதனால் மூக்கில் எடை வைக்கும் தொல்லை இல்லை.

3. இறக்கையும் இன்ஜின்களும்

லங்காஸ்டரின் இறக்கை முழுவதும் ஒரே சாய்வில் எழுவதில்லை. நடுப்பகுதி தட்டையாகச் செல்லும். உள் இன்ஜின்களுக்கு அப்பால்தான் மேல்நோக்கி உயரும். இரண்டு பக்கமும் ஒரே உயரமா என்று, அட்டையில் வெட்டிய ஓர் அளவுத் துண்டை வைத்துச் சரிபார்த்தபின் காயவிடுங்கள். உள் இன்ஜின் கூடுகளில்தான் சக்கரங்கள் மடங்கும். வெளிக்கூடுகள் வேறு வடிவம். வெட்டியவுடன் உட்புறத்தில் எண் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் குழம்பும்.

4. கண்ணாடி

மூக்கு, விமானி அறை, முதுகு, வால் என்று எங்கு பார்த்தாலும் கண்ணாடி. இந்த மாடலின் அழகு இங்கேதான் கூடும், அல்லது கெடும். சூப்பர் குளூவை அருகில் கொண்டுவராதீர்கள். அதன் ஆவி பட்டு ஒரு விமானி அறையே எனக்குப் பனி படர்ந்ததுபோல் ஆகிவிட்டது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெரியாது. கண்ணாடியின் சட்டங்களுக்கு வண்ணம் பூச, டேப்பை மெல்லிய பட்டைகளாக நறுக்கி ஒவ்வொரு கட்டத்தையும் மூடுங்கள். ஒரு மாலைப் பொழுது போகும், போகட்டும்.

வால் கூண்டின், அதாவது வாலில் துப்பாக்கி வீரர் உட்காரும் கூண்டின், கண்ணாடி கீறிவிட்டதா? நடுத்துண்டை வெட்டி எடுத்துவிடுங்கள். போரின்போது பல வால் துப்பாக்கி வீரர்கள் உறையும் குளிரையும் பொருட்படுத்தாமல் அதையே செய்தார்கள். கண்ணாடியில் இருக்கும் ஓர் அழுக்குப் புள்ளிகூட இருட்டில் எதிரி விமானமாகத் தெரியும் என்பதுதான் காரணம்.

5. வண்ணம்

மேலே மண்பழுப்பும் கரும்பச்சையும், கீழே கறுப்பு. பழுப்பை முதலில் பூசி, அது இருக்க வேண்டிய இடத்தை டேப்பால் மூடிப் பச்சையைப் பூசுங்கள், கறுப்பு கடைசியில். கெட்டியாக ஒருமுறை பூசுவதைவிட நீர்க்க மூன்று முறை பூசுவது மேல். முழுக் கறுப்பு வேண்டாம். சிறிய மாடலில் அது பொம்மைபோல் தெரியும். சிறிது சாம்பல் கலந்தால் உருவத்தின் வளைவுகள் தெரியும். புரொப்பெல்லர் முனைகள் மஞ்சள்.

6. எழுத்தும் குறியும்

டீக்கால் (நீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்து, சின்னங்கள்) ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அவசியம். சொரசொரப்பான பரப்பில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும். வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் ஊறவிட்டு, தாளிலிருந்து நகர்த்தி வையுங்கள்.

எந்த விமானம் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். 1943 மே மாதம் ஜெர்மானிய அணைகளைத் தாக்கிய 617ஆவது படைப்பிரிவின் லங்காஸ்டர்களில் முதுகுக் கூண்டும் குண்டு அறைக் கதவுகளும் கிடையாது. லண்டன் ஹென்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஆர்5868-ஐச் செய்கிறீர்களானால், மூக்கில் வரிசை வரிசையாகக் குண்டுச் சின்னங்களை ஒட்ட வேண்டும். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தாக்குதல்களுக்குச் சென்று திரும்பிய விமானம் அது. அந்தச் சின்னங்களுக்கு அடியில், எதிரி விமானம் எதுவும் ஜெர்மனிக்கு மேல் பறக்காது என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் விட்ட சவடாலையும் எழுதியிருப்பார்கள்.

பிறகு மங்கல் வார்னிஷ். மெர்லின் இன்ஜின்களின் புகைக்குழாயிலிருந்து இறக்கையின் மேல் பின்னோக்கி, சாம்பல் பொடியை உலர்ந்த தூரிகையால் மெல்லத் தேய்த்தால் புகைக்கறை வந்துவிடும். துப்பாக்கிக் குழல்களைக் கடைசி நாளில் ஒட்டுங்கள்: மூக்கில் இரண்டு, முதுகில் இரண்டு, வாலில் நான்கு. முன்பே ஒட்டினால் எட்டில் ஐந்தாவது தரையில் கிடைக்கும்.