அமெரிக்க மாநிலச் சட்டமன்றத் தொகுதி ஒன்றின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

அமெரிக்க மாநிலத் தொகுதி ஒன்றின் வரலாற்றை எழுத முனைவோர், உறுப்பினர் பட்டியலுக்கு முன்பு பழைய எல்லை வரைபடங்களைத் திரட்டிக்கொள்வது நல்லது. அங்கே பெரும்பாலான தொகுதிகளுக்கு ஊர்ப்பெயர் கிடையாது, எண்தான் அடையாளம். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடுத்து எல்லைகளை மாற்றி வரையும்போது, அந்த எண் வேறொரு பகுதிக்கே போய்விடலாம். ஆகவே எண்ணைப் பின்தொடர்வதா, நிலப்பகுதியைப் பின்தொடர்வதா என்பதை முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். உழைப்பு கூடினாலும், பின்னதே உருப்படியான வரலாற்றைத் தரும் என்பது என் கருத்து.

அடுத்து, 1964ஆம் ஆண்டை எல்லைக்கோடாகக் கொண்டு பட்டியலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில் அந்த ஆண்டு வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் மக்கள்தொகை அடிப்படையில் அமைய வேண்டும் என்றது. அதற்கு முன்பு கலிஃபோர்னியாவில், 60 லட்சம் பேர் வாழ்ந்த லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஒரு செனட்டர், அதாவது மாநில மேலவை உறுப்பினர். ஏறத்தாழ 14,300 பேர் மட்டுமே வாழ்ந்த மூன்று மலைக் கவுண்டிகளுக்கும் சேர்த்து ஒரு செனட்டர். இந்த இரு காலங்களின் வாக்கு எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில் அடுக்கினால் ஒப்பீடு பொருளற்றதாகிவிடும்.

அதிகம் தடுமாற வைப்பது மறுவரையறைக்கு அடுத்த இரண்டு ஆண்டுகள்தான். கலிஃபோர்னியாவின் 40 செனட்டர்களுக்கும் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதி இடங்களுக்கே தேர்தல்: ஒருமுறை ஒற்றைப்படை எண் தொகுதிகளுக்கு, அடுத்த முறை இரட்டைப்படை எண் தொகுதிகளுக்கு. ஒற்றைப்படை எண் தொகுதியில் 2020இல் வாக்களித்த ஓர் ஊர், 2021ஆம் ஆண்டு வரைபடத்தில் இரட்டைப்படை எண் தொகுதிக்கு மாறியிருந்தால், 2022இலேயே மறுபடி வாக்களித்திருக்கும். இதற்கு நேர்மாறாக மாறிய ஊர், 2018க்குப் பிறகு 2024 வரை ஆறு ஆண்டுகள் வழக்கமான செனட் தேர்தலே இல்லாமல் இருந்திருக்கும். இதைக் குறிப்பிடாத பட்டியலில் ஊருக்கும் உறுப்பினருக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

வரைபடத்தை வரைந்தவர் யார் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். பல மாநிலங்களில் அது சட்டமன்றத்தின் வேலையாகவே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2008இல் வாக்காளர்கள் ஏற்ற சட்டத்தின்படி, 2011 முதல் 14 குடிமக்கள் கொண்ட ஆணையம் வரைகிறது.

உறுப்பினர் அட்டவணையை மாநிலத்துக்கேற்பவே அமைக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு செனட்டரும் இரண்டு கீழவை உறுப்பினர்களும் உண்டு என்பதால் மூன்று நெடுவரிசைகள் தேவைப்படும். அங்கே இடையில் காலியாகும் இடத்தை நியமனத்தால் நிரப்புவதால், தேர்தல் முடிவுகளில் இல்லாத பெயர் ஒன்று பட்டியலில் இருப்பதைப் பிழை என்று நீக்கிவிடக் கூடாது. ஒரே அவையும் 49 உறுப்பினர்களும் கொண்ட நெப்ராஸ்காவில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இடம்பெறாது என்பதால், உறுப்பினரின் கட்சியை வேறு ஆதாரங்களிலிருந்து உறுதிசெய்த பிறகே எழுத வேண்டும்.