உயிரியல் பட்டத்தோடு மண்டபத்தில் வேலை தேட

விலங்கியலோ தாவரவியலோ முடித்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம். திட்டப் பணி அறிவிப்புகள் இணையதளத்தில் வரும்; வாரம் ஒருமுறை பாருங்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். விஞ்ஞானி பதவிக்கு முதுகலை கட்டாயம்.

நேர்காணலுக்கு முன் கப்பாபைகஸ் என்ற கடற்பாசியின் வளர்ப்பைக் கையால் பழகுங்கள். (ஊரில் ‘பெப்சி பாசி’ என்றால்தான் தெரியும்.) 3 மீட்டர் சதுர மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 துண்டு, துண்டுக்கு 150 கிராம், ஆக 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் அறுவடை. தண்ணீர் சூடேறினால் தண்டு வெளுத்து, இளகி, ஒடிந்து போகும். ஆகவே வெப்பநிலையைத் தினமும் குறித்து வையுங்கள். அந்த நோட்டு நேர்காணலில் கைகொடுக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. அங்கே மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும்.