வீட்டில் ட்யூப் வழியாகப் பால்: கை பழகிய பிறகு வரும் தவறுகள்

பச்சிளங்குழந்தை வார்டில் செவிலியராக இருக்கிறேன். மூக்கில் ட்யூபோடு வீட்டுக்குப் போகும் குழந்தைகளின் அம்மாக்களுக்குப் பால் கொடுக்கக் கற்றுத்தருவது என் வேலைகளில் ஒன்று. குறைமாதக் குழந்தைகள் பலரையும் பாலாடையிலாவது (பால் புகட்டும் சங்கு) குடிக்கப் பழகிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்புகிறோம். ஆனால் அன்னப்பிளவு, இதயக் கோளாறு, நரம்புப் பிரச்சினை என்று ஏதாவது இருந்தால், உறிஞ்சி விழுங்கும் தெம்பு வர நாளாகும். அப்படிப்பட்ட குழந்தைகள்தான் ட்யூபோடு போகிறார்கள்.

முதல் நாள் எந்த அம்மாவும் தவறு செய்வதில்லை. கை நடுங்கும், நாலு தடவை கேட்பார்கள், சொன்னதை அப்படியே செய்வார்கள். பத்து நாள் கழித்துப் பாருங்கள். ராத்திரி ரெண்டு மணிப் பால், தூக்கக் கலக்கம், கை தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. நான் கேள்விப்பட்ட பிசகுகள் பெரும்பாலும் அந்த நேரத்தில் நடந்தவைதான்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துவது, ட்யூப் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பாலை ஊற்றுவது. ட்யூபின் நுனி இரைப்பைக்குள் இருக்க வேண்டும். தும்மல், வாந்தி, குழந்தையின் கை பட்டு இழுத்தது என்று எதனாலும் அது மேலே ஏறிவிடலாம். நுனி உணவுக்குழாயிலோ மூச்சுக்குழாயின் வாசலிலோ நிற்கும்போது ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போகும். ஒரு அம்மா மறு பரிசோதனைக்கு வந்தபோது சொன்னார்: “பிளாஸ்டர் லேசா பிரிஞ்சிருந்தது சிஸ்டர், மேலயே இன்னொண்ணு ஒட்டிட்டேன்.” பிளாஸ்டரை எடுத்துப் பார்த்தேன். மூக்கின் ஓரத்தில் ட்யூபின் மேல் போட்டிருக்கும் 20 என்ற கோடு இருக்க வேண்டும், 17 இருந்தது. 3 சென்டிமீட்டர் வெளியே வந்திருக்கிறது. பிளாஸ்டர் புதிதாக, அழகாக ஒட்டியிருந்தது. நல்ல வேளை, அன்று காலைப் பாலுக்குக் குழந்தை இருமியதுமே அவர் நிறுத்திவிட்டார்.

அதனால் பிளாஸ்டரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். உங்கள் குழந்தைக்கு மூக்கின் ஓரத்தில் எந்த எண் இருக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். எண் மாறியிருந்தால் நீங்களே உள்ளே தள்ளிச் சரி செய்ய வேண்டாம். எண் சரியாக இருந்தால் அப்புறம் சிரிஞ்சில் மெதுவாகக் கொஞ்சம் இழுத்து, வரும் திரவத்தை பிஹெச் ஸ்ட்ரிப்பில் (அமிலத்தன்மையைக் காட்டும் காகிதப் பட்டை) ஒரு சொட்டு விட வேண்டும். 5.5 அல்லது அதற்குக் கீழே என்றால் இரைப்பை அமிலம், பால் கொடுக்கலாம். அதற்கு மேலே காட்டினால் ஊற்றாதீர்கள். இப்போதுதான் பால் கொடுத்திருந்தாலோ, அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஓடிக்கொண்டிருந்தாலோ ஸ்ட்ரிப் கூடுதலாகக் காட்டும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம், அப்போதும் அப்படியே இருந்தால் மருத்துவமனைக்குப் பேசுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் குழந்தையை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, சிறிது நேரம் கழித்து மறுபடி இழுத்துப் பாருங்கள். “வரலை, ஆனா எண் சரியா இருக்கு” என்று கொடுத்துவிடக் கூடாது. ட்யூப் உள்ளேயே சுருண்டிருந்தாலும் மூக்கின் ஓரத்தில் எண் மாறாமல்தான் இருக்கும்.

காற்றை அடித்து, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்கும் பழைய முறையை இன்னும் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். இவ்வளவு சின்ன உடம்பில் நுரையீரலில் எழும் சத்தமும் வயிற்றில் கேட்பது போலவே இருக்கும்.

அடுத்து, பிஸ்டனை வைத்துப் பாலைத் தள்ளுவது. பாட்டி பக்கத்தில் நின்று “பிள்ளை பசியில அழுவுது, கொஞ்சம் தள்ளி விடேம்மா” என்பார். அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் வேகமாக ஏறும் பால் சின்ன இரைப்பையை ஒரேயடியாக விரிக்கிறது, குழந்தை எதுக்களிக்கிறது, புரையேறுகிறது. பிஸ்டனைக் கழற்றி வைத்துவிட்டு, சிரிஞ்ச் குழலில் பாலை ஊற்றி, குழந்தையைவிட ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். பால் தானாக இறங்கும். வேகமாக இறங்கினால் கையைத் தாழ்த்துங்கள், நின்றால் கொஞ்சம் உயர்த்துங்கள். ஒரு வேளைப் பால் இறங்க 15 முதல் 30 நிமிடம் ஆகட்டும். தாய்ப்பாலே குடித்தாலும் அவ்வளவு நேரம் ஆகத்தானே செய்யும்? அழுகிற குழந்தைக்கு அழுகையோடு ஊற்றாதீர்கள். முதலில் மார்போடு அணைத்து அமைதிப்படுத்துங்கள், அப்புறம் கொடுக்கலாம்.

சிரிஞ்சைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவது, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தே கொடுப்பது, இரண்டும் வேண்டாம். தலையும் முதுகும் சேர்ந்து சாய்வாக உயர்ந்திருக்க வேண்டும். பால் முடிந்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். மடியிலோ தோளிலோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் எனக்குத் தெரிந்து மிகச் சுலபமான வழி.

பால் பாதி இறங்கும்போது குழந்தை ட்யூபைப் பிடித்து இழுத்துவிட்டால் என்ன செய்வது? இதைப் பலரும் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. உடனே ட்யூபை மடக்கி, இரு விரலால் இறுக்கிப் பிடித்தபடியே முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள். மடக்காமல் உருவினால் உள்ளே நிற்கும் பால் தொண்டையில் சொட்டும். பாதி வந்த ட்யூபைத் திரும்ப உள்ளே தள்ளக் கூடாது. புது ட்யூப் போட முறையாகக் கற்று, செய்து காட்டியிருந்தால் மட்டும் நீங்கள் போடலாம். இல்லையென்றால் மருத்துவமனைக்கு வாருங்கள். ட்யூப் அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான். சின்ன சிரிஞ்ச் வைத்து அழுத்தி அடைப்பை எடுக்கப் பார்க்காதீர்கள், சிரிஞ்ச் சிறிதாக ஆக அழுத்தம் கூடும்.

நம் வீடுகளில் மட்டும் நடக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. சேனை வைப்பது, உரை மருந்து, வசம்பு, தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால். “வாயில வைக்கலை, ட்யூப்லதான் ரெண்டு சொட்டு விட்டோம்” என்று ஒரு வீட்டில் சொன்னபோது என்னால் உடனே பதில் பேச முடியவில்லை. ட்யூப் நேரே இரைப்பைக்குத்தான் போகிறது, பாதுகாப்பு எதுவும் கூடிவிடவில்லை. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைத்துகள்கள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக் கூடும். ஏற்கெனவே விழுங்கத் தெம்பில்லாத குழந்தைக்கு அதைக் கொடுக்கலாமா? ட்யூபுக்குள் போவது டாக்டர் எழுதிய பாலும் மருந்தும் மட்டும்தான். அளவும் அப்படியே. எடை ஏறவில்லை என்று 5 மில்லி கூட்டி ஊற்ற வேண்டாம், கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

பீய்ச்சிய பாலைப் பற்றிச் சுருக்கமாக: சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே தொடுங்கள். வெளியில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், சித்திரை வெயிலில் அதுவும் அதிகம். ஃபிரிட்ஜில் வைத்ததை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடச் சொல்வது எங்கள் வழக்கம். அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர்க் கிண்ணத்துக்குள் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்குங்கள்.

பால் போகும்போது இருமல், திணறல் வந்தாலோ உதடு நீலமானாலோ சிரிஞ்சைக் கீழே தாழ்த்தி, ட்யூபை மடக்கிப் பாலை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் நீலம் மாறவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது என்றால் 108-ஐ அழையுங்கள். பச்சை நிறத்தில் வாந்தி, இழுக்கும்போது பச்சையாகவோ ரத்தமாகவோ வருவது, வயிறு கல்லாக உப்புவது, குழந்தை துவண்டு கிடப்பது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. ட்யூபில் பால் போகிறது என்பதற்காக வாயை மறந்துவிடாதீர்கள். டாக்டர் சரி என்றால், பீய்ச்சி எடுத்த மார்பில் குழந்தையைச் சாய்த்து, சும்மா சப்ப விட்டபடியே ட்யூபில் கொடுங்கள். வாய் அசைவதும் வயிறு நிறைவதும் ஒன்றாக நடக்கும்போது குழந்தை அதைப் பழகிக்கொள்கிறது. தலையைத் திருப்பி மார்பைத் தேட ஆரம்பித்தால் அந்தத் தேதியைக் குறித்து வைத்து, அடுத்த தடவை வரும்போது எங்களிடம் காட்டுங்கள். பாலாடையை எப்போது கையில் எடுக்கலாம் என்று அதை வைத்துத்தான் பேசுவோம்.