லாம்போ மைதானத்தில் டிசம்பர் ஆட்டம் காணச் செல்பவர்களுக்கு

கிரீன் பே பேக்கர்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டத்தை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லாம்போ மைதானத்தில் டிசம்பர் மாதம் நேரில் காணச் செல்லும் ரசிகர்கள், மேலாடையை விடப் பாதங்களையே முதலில் கவனிக்க வேண்டும். 1957இல் திறக்கப்பட்ட அந்தத் திறந்தவெளி அரங்கில் பெரும்பாலான இருக்கைகள் அலுமினிய பெஞ்சுகளே. கீழே இருப்பதோ சில்லிட்டுக் கிடக்கும் கான்கிரீட் தரை. எத்தனை சட்டைகளை அடுக்கிப் போட்டிருந்தாலும், மூன்று மணி நேரம் அந்தத் தரையில் கால் பதித்திருந்தால் குளிர் உள்ளங்கால் வழியாகவே ஏறிவிடும். ஆகவே, பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, மடித்து எடுத்துச் சென்று பாதங்களுக்கு அடியில் விரித்துக்கொள்ளுங்கள். அட்டையின் நெளிவுகளுக்குள் அடைபட்டிருக்கும் காற்று, உடலின் சூடு தரைக்கு இறங்கிவிடாமல் தடுக்கிறது. செலவே இல்லாத இந்த ஏற்பாட்டுக்கு இணையானதை நான் கண்டதில்லை. பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் என்பதால் கம்பளிக் காலுறையே நல்லது; இரண்டு ஜோடி அணிவதானால் காலணி சற்றுப் பெரிதாக இருக்கட்டும், இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் விரைவில் மரத்துப்போகும்.

பெரிய பை கொண்டுசெல்வதானால், உள்ளிருப்பது வெளியே தெரியும் பையாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் விதி.

1967 டிசம்பர் 31 அன்று, சுமார் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் குளிரில், இதே மைதானத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியை பேக்கர்ஸ் 21-17 என்று வென்றது. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தபோதுதான் பேக்கர்ஸ் வீரர் பார்ட் ஸ்டார் பந்துடன் எல்லைக்கோட்டைக் கடந்து விழுந்து வெற்றிப் புள்ளிகளைப் பெற்றுத் தந்தார்.